கடைசி பெஞ்சுக்குப் பின்னால்

பிளாஸ்டிக் முனைதான், ஆனாலும் வேகமாக இறக்கினால் இறங்கும் என்று பிரகாசி டீச்சருக்குத் தோன்றியது; அந்த இடத்தில், காதுக்குப் பின்னால் எலும்பு முடிந்து பள்ளம் விழுகிற இடத்தில், தோல் அத்தனை மெல்லிசு. பேனாவைத் திருப்பித் தன் உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பார்த்தாள். வெள்ளையாக ஒரு குழி விழுந்து, சிவந்து, நிரம்பி, ஒன்றுமே நடக்காததுபோல் ஆயிற்று. மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த பீரியட். டிபன் பாக்ஸ்களின் கருவாட்டு வாடையும் தயிர் வாடையும் இன்னும் போகவில்லை, உப்பளத்துப் பக்கமிருந்து வருகிற வெக்கையை மின்விசிறிகள் அரைத்து அரைத்துத் தலைமேல் கொட்டிக்கொண்டிருந்தன. பத்தாம் வகுப்பு பி பிரிவு மொத்தமும் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவள் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள், இடது முன்கையில் அந்தக் கறுப்புச் சிலேட்டைத் தாங்கிக்கொண்டு. சிலேட்டு என்பது பிள்ளைகள் வைத்த பேர். ஹெச்.எம். தர்மராஜ் சார் அதைப் பேடு என்பார், வந்த பெட்டியின் மேல் வேறு என்னவோ போட்டிருந்தது. ஒயர் கிடையாது. பேனாவால் இதில் எழுதினால் இதில் ஒன்றும் தெரியாது, எழுதுவதற்கு முன்னாலும் கறுப்பு, எழுதின பிறகும் கறுப்பு. எழுதினது எல்லாம் காற்றோடு போய் முன்னால் மேசைமேல் இருக்கிற கம்ப்யூட்டரில் இறங்கி, அங்கிருந்து ப்ரொஜெக்டர் வழியாக வெள்ளைச் சுவரில் ஆள் உயரத்துக்கு விழும். முதல் நாள் அதைப் பார்த்தபோது, மணிக்கட்டோடு தன் கையை வெட்டி எடுத்துக்கொண்டுபோய் அங்கே மாட்டிவிட்டு, மிச்ச உடம்பை இங்கே நிறுத்திவைத்த மாதிரி இருந்தது அவளுக்கு. "இனிமே பிள்ளைகளுக்கு நீங்க முதுகே காட்ட வேண்டாம் டீச்சர், எங்க வேணும்னாலும் நின்னு எழுதலாம்," என்று ஹெச்.எம். அதை ஒரு பரிசுப் பொருள் மாதிரி இரண்டு கையாலும் கொடுத்தார். எங்கே வேண்டுமானாலும் என்றார். அவள் இந்தச் சுவரை எடுத்துக்கொண்டாள், சுவருக்குப் பின்னால் யாரும் உட்கார முடியாது. திரும்பி வந்த பெர்வினை எங்கே உட்காரவைக்கட்டும் என்று ஹெச்.எம். கேட்டதற்கு, கடைசி பெஞ்சில் நடைபாதை ஓரம் என்று அவளே சொன்னாள். கை நீட்டினால் தொடுகிற தூரம். முடியை ஒட்ட வெட்டியிருந்தான், மன்னிப்புக் கேட்க வருகிறவன் வெட்டிக்கொள்கிற மாதிரி, அதனால் உச்சியில் ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றுகிற ரெட்டைச் சுழி நன்றாகத் தெரிந்தது, அதற்குக் கீழே வெயிலில் கறுத்த பிடரி, பிடரியில் வேர்வை, வேர்வையில் சட்டைக் காலர் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது.

சுவரில் ஒரு வட்டம் இருந்தது, வட்டத்துக்கு வெளியே தள்ளி ஒரு புள்ளி, அந்தப் புள்ளியிலிருந்து புறப்பட்டு வட்டத்தின் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு போகிற இரண்டு தொடுகோடுகள். நீளம் கண்டுபிடிக்கச் சொல்லியிருந்தாள். கணக்கைக் கொடுத்ததும் ப்ரொஜெக்டர் ரிமோட்டில் ஃப்ரீஸ் பொத்தானை அமுக்குவது அவள் வழக்கம். அமுக்கிவிட்டால் சுவரில் இருக்கிற படம் அப்படியே நின்றுவிடும், அதற்கப்புறம் கம்ப்யூட்டரில் என்ன நடந்தாலும் சுவருக்குத் தெரியாது. அமுக்காவிட்டால், பேனா சிலேட்டைத் தொடாமல் மேலே சும்மா நின்றாலே போதும், சுவரில் ஒரு சின்ன அம்புக்குறி ஈ மாதிரி நடுங்கி நடுங்கி அலையும், பிள்ளைகள் கணக்கை விட்டுவிட்டு அதையே பார்ப்பார்கள், டீச்சர் கை எப்படி நடுங்குது பாருட்டி என்பார்கள். கை நடுங்குவதை ஊருக்குக் காட்ட ஒரு மிஷின். ஆகவே அமுக்கினாள். பேட்டரி செத்துக்கொண்டிருந்தது, பிடித்ததோ பிடிக்கவில்லையோ என்று ரிமோட்டைத் தொடையில் தட்டி மறுபடியும் ஒருதரம் அமுக்கிவிட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள். திங்கட்கிழமை அது தற்செயலாகத்தான் நடந்தது. படத்தை நிறுத்திவிட்டுப் பிடரியைப் பார்த்துக்கொண்டு நின்றவள், கணக்கு நேரம் முடிந்து முன்னால் போய்க் கம்ப்யூட்டரைப் பார்த்தால், வட்டத்தின் குறுக்கே ஒரு வெட்டு விழுந்திருந்தது. தான்தான் போட்டது. தூக்கத்தில் உளறினதை அடுத்தவர் சொல்லக் கேட்டது மாதிரி அவளுக்கு முகம் சுட்டது, பொத்தானைத் தட்டி அத்தனையையும் அழித்தாள், பிறகுதான் படத்தை ஓடவிட்டாள். செவ்வாய்க்கிழமை தெரிந்தே செய்தாள். புதன்கிழமை அந்த நேரத்துக்காகக் காலையிலிருந்தே காத்திருந்தாள். ஒன்றுமே தெரியாத கறுப்புப் பலகை, எவ்வளவு போட்டாலும் வாங்கிக்கொள்ளும், அழித்துவிட்டால் போயிற்று, பாவசங்கீர்த்தனத்தில் கூட இதைச் சொல்லத் தேவையில்லை, கையால் ஒருத்தரையும் தொடவில்லையே.

தீபாவளி லீவுக்கு முந்தின வாரம், இதே வகுப்பு, அப்போது போர்டும் சாக்பீஸும்தான். அவள் எழுதிக்கொண்டிருந்தாள். எதை எழுதிக்கொண்டிருந்தாள் என்பது இப்போது நினைவில் இல்லை, அதை நினைத்துப் பார்க்கப் போகும்போதெல்லாம் அந்த இடத்தில் ஒரு சத்தம் வந்து முட்டிக்கொள்கிறது, சத்தம் கூட இல்லை, ஒரு வெள்ளை. தண்ணீர் நிறைந்த எவர்சில்வர் பாட்டில், இடது காதுக்குப் பின்னால். நெற்றி போர்டில் மோதியது, மேல்பல் உதட்டில் இறங்கியது, வாய் நிறைய சாக்பீஸ் தூளும் ரத்தமும், பாட்டில் கீழே விழுந்து உருண்டு உருண்டு மேசைக் காலில் இடித்து நின்றது வரைக்கும் கேட்டது. கேட்டதில் கடைசிச் சத்தம் அதுவல்ல. யாரோ சிரித்தார்கள். ஒரே ஒரு சிரிப்பு, விக்கல் மாதிரிக் குட்டையாக, வந்த வேகத்தில் வாயைப் பொத்திக்கொண்டது. இடது காது அன்றைக்குப் பாதி போயிற்று, ஆனால் அந்தச் சிரிப்பு போன காதுக்குள்ளேயே தங்கிவிட்டது, படுத்தால் தலையணைக்குள் இருந்து வருகிறது. தையல் போட முடியைச் சிரைத்த இடம் இப்போது பிரஷ் மாதிரி வளர்ந்து குத்துகிறது. யார் எறிந்தது என்று ஒருத்தர் வாய் திறக்கவில்லை. ஹெச்.எம். மொத்த வகுப்பையும் வெயிலில் முட்டி போடவைத்தார், பெண்பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள், அப்போதும் வாய் திறக்கவில்லை. கடைசியில் பெர்வின் தானாகத்தான் எழுந்து, "நான்தான் சார். கெபிரியேல் மேல எறிஞ்சேன். அவன் குனிஞ்சிட்டான்," என்றானாம். ஆஸ்பத்திரியில் வந்து சொன்னார்கள். அவன் குனிந்துவிட்டான். குனிந்துவிட்டான் என்றால் கெபிரியேலுக்குக் கண் முன்னால் வந்தது, பார்த்தான், குனிந்தான். அவளுக்கு யார் சொன்னார்கள்? பின்னால் வருவதைப் பார்க்கிற கண்ணை யாருக்கும் கடவுள் வைக்கவில்லை. அதை எறிகிறவன் பார்த்துக்கொண்டிருந்தான், அவளுடைய பிடரியைப் பார்த்துக்கொண்டேதான் எறிந்திருப்பான், இப்போது அவள் அவனுடையதைப் பார்க்கிற மாதிரி. சரியாகத்தான் இருந்தது கணக்கு.

"டீச்சர், இந்தக் கோடு எதுக்கு டீச்சர்?" என்று முன் பெஞ்சிலிருந்து கெபிரியேல் கேட்டான்.

"கணக்கப் போடுல. கேள்வி கேக்காத," என்றாள், அவன் எந்தக் கோட்டைக் கேட்கிறான் என்று நிமிர்ந்து பார்க்காமல். அவளுக்கு நிமிர நேரமில்லை. பேனா ஏற்கெனவே சிலேட்டில் இறங்கியிருந்தது. வட்டம் எங்கே இருக்கும் என்று கை அறியும், வாரம் முழுக்கப் பழகிய கை. வட்டத்தின் இரண்டு பக்கமும் காது வைத்தாள், ஒன்று பெரிசு ஒன்று சின்னது, பெர்வினுக்கு அப்படித்தான். உச்சியில் ஒரு சுழி. அதற்கு எதிராக இன்னொரு சுழி. கீழே கழுத்து, காலர், காலருக்கு மேலே அந்தப் பள்ளம். கண்ணை அவன் பிடரியிலிருந்து எடுக்கவே இல்லை, பார்த்து வரைகிறவளுக்குத் தாளைப் பார்க்கவேண்டிய அவசியமில்லாதபோது கை எவ்வளவு நன்றாக வருகிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்குப் போனால் கேட்டுக்கு வெளியே அவன் அம்மா நின்றுகொண்டிருந்தாள், கையில் ஈரச் சாக்குப் பை, பையிலிருந்து ரத்தத்தண்ணீர் சொட்டிச் சொட்டி மணலில் கறுப்பு விழுந்திருந்தது. "டீச்சரம்மா, அவன் அப்பன் தங்கல் கடலுக்குப் போயிருக்கான், கரைக்கு வந்து கேட்டாம்னா வெட்டிப் போடுவான். நீங்க அடிங்க, நான் ஏன்னு கேட்டா என்னையச் செருப்பால அடிங்க, கையக் காலக்கூட ஒடிங்க, அவன் படிப்ப மட்டும் ஒடிச்சிராதீங்க," என்று அவள் அழாமல் சொன்னாள், அழுதிருந்தால் பிரகாசி கதவைச் சாத்தியிருப்பாள். மீனை எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள். வந்தவள் கேட்டில் தொங்கவிட்டுவிட்டுப் போனாள். லாம்பர்ட்தான், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற பிரகாசியின் புருஷன், "மீன் என்ன செஞ்சிது பாவம், அது எறியலியே," என்று எடுத்து உள்ளே கொண்டுவந்தான். சீலா. கை நீளத்துக்கு, கண்ணில் இன்னும் மினுக்கம் போகாமல். அரிவாள்மணையில் அவளே உட்கார்ந்து அறுத்தாள். செவுளுக்குப் பின்னால் வைத்து இழுத்தால் முதலில் மெத்தென்று போகும், பிறகு ஒரு இடத்தில் மாட்டும், அங்கே இரண்டு கையாலும் அழுத்தவேண்டும், மளுக்கென்று ஒரு சத்தம், அதற்கப்புறம் ஒன்றுமே தடுக்காது. அந்தச் சத்தத்தில் அவளுக்குத் தொடை வரைக்கும் ஒரு சுகம் ஓடியது. தலையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள், தண்ணீர்க் குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. குழம்பு நன்றாக இருந்தது. அதுதான் தாங்கமுடியவில்லை, அத்தனை நன்றாக இருந்தது, இரண்டாந்தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

யாரோ சிரித்தார்கள்.

குட்டையாக, விக்கல் மாதிரி. நல்ல காதில்தான் விழுந்தது. இப்போது, இங்கே, இந்த வகுப்பில், நடுவில் எங்கிருந்தோ. அதைத் தொடர்ந்து இன்னொன்று, ஒரு பெண்பிள்ளையின் மூக்குச் சிரிப்பு. பிரகாசிக்குக் கால் கட்டைவிரலிலிருந்து ஆத்திரம் ஏறியது. அவளைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், திரும்பிக்கூடப் பார்க்காமல் சிரிக்கிறார்கள், இவள் பின்னால் நின்றால் என்ன முன்னால் நின்றால் என்ன, இவள் ஒரு சுவர், எறிந்தால் சத்தம் போடுகிற சுவர். பேனாவைக் குத்துகிற மாதிரிப் பிடித்தாள், கத்தியைப் பிடிக்கிற மாதிரி, கட்டைவிரல் மேலே. கழுத்தின் குறுக்கே இழுத்தாள். திரும்ப இழுத்தாள். பள்ளத்தில் வைத்துக் குத்தினாள், சிலேட்டு முன்கையில் இடிக்கிற அளவுக்கு, டக், டக், டக், வளையல் ஒன்றோடொன்று மோதிச் சிணுங்கியது. சிரிப்பு நின்றது. பார்த்தாயா, நிற்கிறது. அடி என்றால்தான் இந்த ஜென்மங்களுக்கு விளங்கும், அவள் மனசுக்குள் அடிக்கிற அடி கூட இவர்களுக்கு எட்டுகிறது. எல்லாரும் அடங்கிக் கணக்குப் போடுகிறார்கள். ஒரு தலை அசையவில்லை. அப்போதுதான் கவனித்தாள், அவள் குத்தியபோது பெர்வினின் பிடரி உள்வாங்கியது. ஈ உட்கார்ந்தால் மாட்டுத்தோல் சிலிர்க்கிற மாதிரி, ஒரு சின்னத் துடிப்பு. தற்செயல் என்று நினைத்தாள். இன்னொரு குத்து வைத்தாள். தோள் இரண்டும் காதை நோக்கி ஏறின. பேனாவைத் தூக்கிச் சும்மா நிறுத்தினாள், தோள் அப்படியே நின்றது, மூச்சுக்கூட இல்லை, காத்திருந்தது, குத்தினாள், துடித்தது.  ஊர்ப்பக்கம் சொல்வார்கள், மாவில் உருவம் பிடித்து முள் குத்தினால் எங்கோ இருக்கிறவனுக்கு அந்த இடத்தில் நோகும் என்று. அவள் கணக்கு டீச்சர், அதையெல்லாம் சிரித்துத் தள்ளுகிறவள். ஆனால் இதோ. இடது காதுக்குப் பின்னால் குத்தினாள், அவன் தலை இடது பக்கம் ஒடுங்கியது. பிடரி மயிர் எழுந்து நின்றது, வேர்வை ஒரு கோடாகக் காலருக்குள் இறங்கியது. கடவுளே, எனக்கு இதைக் கொடுத்தாயா. இத்தனை நாளும் பஸ்ஸில் கடைசி சீட்டு, கோவிலில் கடைசி வரிசை, வீட்டில் சுவரில் முதுகைச் சாய்த்தால்தான் சோறு இறங்கும், லாம்பர்ட் பூ வாங்கிக்கொண்டு வந்து ஆசையாகப் பின்னாலிருந்து தலையில் வைக்க வந்தபோது, அடுப்பிலிருந்த கரண்டியை எடுத்து யாரென்று பார்க்காமலே வீசினாளே, மணிக்கட்டில் தோல் வழன்று தொங்கியதே, "இன்ஜின்ல பட்டுட்டுன்னு சொல்லிக்கிடுதேன், நீ அழாத," என்று அவன் சொன்னானே, அந்தப் பயத்தை எல்லாம் இவனுக்குள் ஏற்றிவிட முடியும் போலிருக்கிறது, சொட்டுச் சொட்டாக, ஒரு கையைக்கூட அவன் மேல் வைக்காமல். ஏற்றினாள். உனக்குத் தெரியட்டும், பின்னால் ஆள் நிற்கிறது என்றால் என்ன என்று. டக். திரும்ப முடியாது என்றால் என்ன என்று. டக். இன்றைக்கு வெள்ளிக்கிழமை, பீரியட் முடிகிற நேரம் ஹெச்.எம். வருவார். "ஒரு வாரம் உக்காரவச்சுப் பாருங்க டீச்சர். நீங்க சரின்னா இருக்கட்டும். இல்லன்னா டி.சி. குடுத்திருவோம், பரீட்சை போச்சுன்னா அது அவன் தலையெழுத்து. உங்க ஒரு சொல்லுதான்," என்று சொல்லியிருந்தார். ஒரு சொல். திங்கட்கிழமையிலிருந்து அந்தச் சொல்லை நாக்கில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள், வேண்டாம் சார், வேண்டாம் சார், சொல்லிவிட்டால் அவன் அப்பன் கரையேறி வந்து மிச்சத்தைப் பார்த்துக்கொள்வான், மளுக்கென்று ஒரு சத்தம், அதற்கப்புறம் ஒன்றுமே தடுக்காது. டக். டக்.

"அடிச்சிருங்க டீச்சர்."

பெர்வின் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே சொன்னான், குரல் தொண்டையில் கிழிந்து பாதி காற்றாக வந்தது.

"என்னது?"

"என்னைய அடிச்சிருங்க டீச்சர். கம்பு எடுத்துட்டு வாறேன். இது வேண்டாம்."

எது, என்று கேட்கத்தான் வாயெடுத்தாள். அவன் பார்க்கிற பக்கம் பார்த்தாள். சுவரில் வட்டம் இல்லை, தலை இருந்தது. ஆள் உயரத்துக்கு, பின்பக்கத்திலிருந்து பார்த்த தலை, ஒரு காது பெரிசு ஒரு காது சின்னது, உச்சியில் ரெட்டைச் சுழி, இந்த வகுப்பில் வேறு யாருக்கும் இல்லாத சுழி. கழுத்தைப் போட்டு அறுத்திருந்தது, ஒருதரம் இரண்டுதரம் அல்ல, கோட்டின்மேல் கோடாகத் தடித்து, அறுந்து, சதை மாதிரித் தொங்கிக்கொண்டு. காதுக்குப் பின்னால் புள்ளி புள்ளி புள்ளியாகக் குத்திக் குத்தி அந்த இடமே கறுப்பாக ஊறிப்போயிருந்தது. வெளியே இருந்த புள்ளியிலிருந்து வந்த இரண்டு தொடுகோடுகளும் தலையை இரண்டு பக்கமும் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தன. கறுப்புக்கு நடுவில் அம்புக்குறி, இந்த நிமிஷம் வரைக்கும் உயிரோடு, நடுங்கிக்கொண்டு. படம் நிற்கவில்லை. முதல்தரம் அமுக்கியபோதே பிடித்திருக்கிறது, தட்டிவிட்டு இரண்டாந்தரம் அமுக்கியது பிடித்ததை விடுவித்துவிட்டது. ஃப்ரீஸ் என்று நினைத்துக்கொண்டு அவள் போட்ட ஒவ்வொரு கோடும், அவள் போட்ட அந்த நொடியிலேயே, நாற்பது பேருக்கு முன்னால் சுவரில் விழுந்திருக்கிறது. காதையும் சுழியையும் பார்த்துச் சிரித்தார்கள், பாவம், டீச்சர் விளையாடுகிறாள் என்று. கழுத்தை அறுத்தபோது நிறுத்தினார்கள். மாவும் இல்லை முள்ளும் இல்லை, அவன் பார்த்துக்கொண்டிருந்தான். தன் தலையில் அடுத்த குத்து எங்கே விழப்போகிறது என்று முன்னால் பார்த்துக்கொண்டு, குத்துகிறவளைப் பின்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நோட்டுகள் வெள்ளையாகக் கிடந்தன. ஒரு பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை. நாற்பது பிடரிகள், பின்னிய சடைகள், ரிப்பன்கள், மச்சங்கள், எல்லாம் விறைத்துக்கொண்டு, அவளுக்குப் பயந்து. பேனாவைத் தூக்கவேண்டும் என்று கைக்குச் சொன்னாள். கை கேட்கவில்லை. அழிக்கவேண்டும், அழிக்கிற பொத்தான் முன்னால் கம்ப்யூட்டரில், இவர்களுக்கு நடுவில் நடந்து போகவேண்டும்.

வராந்தாவில் ஹெச்.எம்.மின் செருப்புச் சத்தம் கேட்டது. எல்லாருக்கும் தெரிந்த சத்தம், ஒரு கால் தேய்த்து வைப்பார். பிரகாசி அசையவில்லை. அவளுக்குள் ஒன்று, வரட்டும், பார்க்கட்டும், முடியட்டும் என்று நின்றது, இருபது வருஷ வேலை, பேப்பரில் படம் போடுவார்கள், லாம்பர்ட் எந்த இன்ஜின்மேல் பழி போடுவான். வகுப்பு லீடர் மெர்லின் சுஜா சுவர் ஓரத்துக்காரி. அவள் எழுந்திருக்கக்கூட இல்லை, உட்கார்ந்தபடியே கையை நீட்டி ப்ரொஜெக்டர் பிளக்கை உருவினாள். தலை போயிற்று. வெறும் சுவர், சுண்ணாம்பு, ஒரு பல்லி.

"என்ன டீச்சர், கரண்ட் போயிருச்சா?" தர்மராஜ் சார் வாசல் நிலையில் கையை வைத்துக்கொண்டு மேலே பார்த்தார். "ஃபேன் ஓடுதே?"

பிரகாசி முதுகைச் சுவரில் இன்னும் அழுத்திக்கொண்டாள். 

"ப்ரொஜெக்டர் சூடாயிருச்சு சார்," என்றான் பெர்வின், எழுந்து நின்று. "ஒரு மாதிரி வாடை வந்துச்சு. அதான் ஆஃப் பண்ணிருக்கு."

"ஆமா சார், கருகுன வாடை," என்றான் கெபிரியேல்.

"நீங்கள்லாம் பெரிய இன்ஜினியர் மயிராண்டிக," என்றவர் பெண்பிள்ளைகளைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு பெர்வினைக் கண்ணால் காட்டினார். "என்ன டீச்சர், ஒரு வாரம் ஆச்சு. இவன் எப்படி? வச்சுக்கிடலாமா, சீட்டக் கிழிச்சிரலாமா?"

வேண்டாம் சார் என்பது நாக்கில் தயாராக இருந்தது, வாரம் முழுக்கச் சப்பி வழவழப்பான சொல். எடுத்து வைத்தால் போதும். வைத்தால் இவன் வாய் திறப்பானா? திறக்கமாட்டான். திறந்தால்? இப்போது காப்பாற்றினான், எதற்குக் காப்பாற்றினான், பயத்திலா, இல்லை, விலைக்கா, இல்லை, இவர்கள் இப்படித்தான், இவர்களுக்குள் நடந்ததை வெளியாளுக்குச் சொல்வதில்லை, அன்றைக்கு அவனுக்காக வெயிலில் முட்டி போட்டவர்கள் இன்றைக்கு இவளுக்காகப் பொய் சொல்கிறார்கள், அப்படியானால் இவளும் இவர்களில் ஒருத்தியா, ஐயோ, அது எப்போது நடந்தது.

"இருக்கட்டும் சார்," என்று ஒரு குரல் சொன்னது. அவளுடைய குரல்தான். மன்னித்துச் சொன்னதா, மாட்டிக்கொண்டு சொன்னதா என்று அதைக் கேட்டவளுக்கே தெரியவில்லை. இனி எந்தக் காலத்திலும் தெரியப்போவதில்லை என்பது மட்டும் தெரிந்தது. மன்னித்திருந்தால் அது அவளுடையதாக இருந்திருக்கும். பழி வாங்கியிருந்தால் அதுவாவது.

"பாத்தியால, பாத்தியால!" ஹெச்.எம்.முக்குக் குரல் உடைந்துவிட்டது, நல்ல மனுஷர், சீக்கிரம் கலங்குகிறவர். "மண்டைய ஒடச்சவனுக்கு இந்தச் சொல்லு யாரு சொல்லுவா? பெத்தவ சொல்லமாட்டா. என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்க? டீச்சர் கால்ல விழுல."

"வேண்டாம் சார்," என்றாள் பிரகாசி. அந்தச் சொல் இப்போதுதான் வெளியே வந்தது, தப்பான இடத்தில்.

"நீங்க சும்மா இருங்க டீச்சர். விழட்டும். அப்பத்தான் புத்தி வரும்."

பெர்வின் பெஞ்சிலிருந்து வெளியே வந்தான். திரும்பினான். இந்த வாரத்தில் முதல்தரமாக அவன் முகத்தைப் பார்த்தாள். மீசை வரப்போகிற உதடு, கடித்து வெளுத்திருந்தது, கண்ணில் நன்றியும் இல்லை, வன்மமும் இல்லை, அவள் கைக்கும் தன் பிடரிக்கும் நடுவிலுள்ள தூரத்தை அளந்துவைத்துக்கொண்ட ஒரு கவனம், அவ்வளவுதான். அவளுடைய முகத்தை அவன் பார்க்கவில்லை. பேனாவைப் பார்த்தான். அவள் விரல்கள் அதை இன்னும் கட்டைவிரல் மேலே வைத்துத்தான் பிடித்திருந்தன. அவன் அவள் காலடியில் முட்டிபோட்டு முன்னால் சாய்ந்தான், ரெட்டைச் சுழி அவள் புடவைக் கொசுவத்தில் உரசியது, பிடரி முழுசாக அவளுக்குக் கீழே வந்தது, ஒட்ட வெட்டின மயிர், வேர்வை, எலும்பு முடிகிற இடம், பள்ளம். ஒரு கையால் அவள் பாதத்தைத் தொட்டான். இன்னொரு கையைப் பின்னால் கொண்டுபோய், விரல்களை நன்றாக அகல விரித்து, தன் பிடரியைப் பொத்திக்கொண்டான்.

"அது என்னல, கும்பிடுத லட்சணம்?" ஹெச்.எம். வாசலிலிருந்து சிரித்தார். "கழுத்து சுளுக்கிட்டோ? அந்தக் கையையும் எடுத்து ரெண்டு கையால தொடுல, மரியாதையா."

விரல்கள் அவிழத் தொடங்கின. சுண்டுவிரல், மோதிரவிரல்.

"கையை எடுக்காத," என்றாள் பிரகாசி டீச்சர். "பெர்வின். கையை எடுக்காதல."